குளிசைத் தாளின் தமிழ்

ஒரு மொழியின் உரைநடை எத்தகைய வளர்ச்சியை எய்தியுள்ளது என்பதை அறிய விரும்புவோர் அம்மொழியிலுள்ள நாவல்களையும் கட்டுரைகளையும் ஆராய்வது வழக்கம். அது தவறன்று, ஆனால் அது மட்டும் போதாது. நாவல் எதனையும் திறந்து பாராத ஒருத்தி, தன் வாழ்வின் முக்கியமான ஒரு வேளையிலே எந்தத் தமிழைக் கையிலெடுத்து வரிவரியாக வாசிக்கிறாளோ, அந்தத் தமிழும் உரைநடையே. கருத்தடைக் குளிசையோடு வரும் விளக்கத்தாளை அத்தகைய ஓர் எழுத்தாகக் கொண்டு, அதன் மொழியையும் அமைப்பையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். இலக்கிய விமரிசனத்துக்கு இதுவும் ஒரு பொருளா எனச் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும்.

வன்னியிலே நான் தமிழ் கற்பித்த மாணவி ஒருத்தி, இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். சாதாரண தரப் பரீட்சையிலே தமிழில் நல்ல சித்தி பெற்றவள். ஆடைத் தொழிற்சாலையொன்றிலே வேலை. கையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டி, “ரீச்சர், இதை நான் சரியாய்த்தானே வாசிச்சனான்?” என்று கேட்டாள். குளிசையை ‘முதலாம் நாளில்’ ஆரம்பிக்குமாறு தாள் கூறியது. மாதவிடாயின் முதலாம் நாள் என்பதே கருத்து. அவளோ கலண்டரில் மாதத்தின் முதலாந்திகதி வரும்வரை காத்திருந்தாள். அதனால் நல்வேளையாகத் தீங்கெதுவும் விளையவில்லை. இரண்டாவது பிழைதான் விளைவுடையதாயிற்று. புதிய அட்டை தொடங்கவேண்டிய நாளிலே உறவினர் ஒருவரின் மரணச் சடங்குக்குச் சென்றவள், அட்டையை வீட்டில் மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழிந்தது. திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். தவறியதை உடன் உட்கொள்ளுமாறு அதிலே கண்டு, மூன்று குளிசைகளையும் ஒருமிக்க விழுங்கினாள். ஏனைய எச்சரிக்கை எதுவும் அவள் கண்ணிற் படவில்லை. என்னிடம் வந்த நாளில் அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. தொழிற்சாலை வேலையையும் விட்டிருந்தாள்.

அவளுக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் கூற இயலாது; கற்பித்தவள் நான். அவ்வாறாயின் பிழை எங்கே உள்ளது? இக்கேள்வியே என்னை அத்தாளை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்தது.

ஒருநாளும் தவறாது, முறைப்படி இக்குளிசையை உட்கொள்ளும் பெண்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஓராண்டிலே கருவுறுவோர் 3 பேரளவினரே. நடைமுறை வாழ்க்கையிலே, மறதியும் பயணமும் நோயும் உட்படப் பாவிப்போரில் இத்தொகை 100 பேருக்கு 7 ஆகிறது. மருந்து ஒன்றே. இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு வாழ்க்கையினால் உண்டாவது. இராவேலை, தீர்ந்துபோன அட்டை, வீட்டாருக்கு மறைத்து வைக்கவேண்டிய நிர்ப்பந்தம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவற்றையெல்லாம் ஒரு தாள் மாற்றிவிடாது. ஆயினும் வாழ்க்கை இடறும் இடத்திலே கைகொடுக்க வேண்டியது அத்தாளே. அது அவ்விடத்தில் மௌனம் சாதிக்குமாயின், அல்லது புரியாத மொழியில் முணுமுணுக்குமாயின், அது தன் கடமையில் தவறியதாகும்.

இத்தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் புவேட்டோ றிக்கோ தீவிலே வறிய பெண்களிடம் இக்குளிசை பெருமளவிற் பரீட்சிக்கப்பட்டது. தாம் உட்கொள்வது பரீட்சைப் பொருள் என்பது அப்பெண்களுக்குச் சரிவர உணர்த்தப்படவில்லை. தலைச்சுற்று, குமட்டல் என அவர்கள் முறையிட்டவை பொருட்படுத்தப்படவுமில்லை. 1960இல் அமெரிக்க அரசு கருத்தடைக்கென இதனை அங்கீகரித்தது. அக்காலக் குளிசையில் ஈஸ்திரஜன் வகைப் பொருள் 150 மைக்கிரோகிராம் வரை இருந்தது. இன்று பரவலாக வழங்கும் குளிசையில் இருப்பது 30 மைக்கிரோகிராம் அளவே. இரத்தக்கட்டி முதலிய ஆபத்துக்கள் வெளிவரத் தொடங்கியபின், 1970இல் அமெரிக்க செனற் சபையின் குழுவொன்று விசாரணை நடத்தியது. குளிசையைப் பாவித்த பெண்கள் எவரும் அங்கே சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டனர். அக்கிளர்ச்சியின் பயனாகவே, குளிசைப் பெட்டியினுள் பாவிப்போருக்கான விளக்கம் ஒன்று வைக்கப்படவேண்டுமென அவ்வாண்டிலே விதி பிறந்தது. வைத்தியரும் மருந்துக் கம்பனிகளும் எதிர்த்தமையால் முதலிற் சில வரிகளாகக் குறுக்கப்பட்ட அவ்விளக்கம், 1978இல் விரிவாக்கப்பட்டது. ஆகவே, நாம் கசக்கி எறியும் தாள் பெண்கள் போராடிப் பெற்ற ஒன்று. போராடிப் பெற்றதைப் புரியாத தமிழிலே பெயர்த்து வைப்பது, பெற்றதைத் திருப்பிப் பறிப்பதற்கு ஒப்பாகும்.

உள்ளடக்கத்தைப் போலவே உருவமும் கவனத்துக்குரியது. ஆரம்பத்திலே குளிசைகள் போத்தலில் அடைத்து விற்கப்பட்டன. இன்றைய குளிசை விழுங்கப்பட்டதா இல்லையா என்பது நினைவிலே தங்கவேண்டிய ஒன்றாயிருந்தது. அமெரிக்காவில் டேவிட் வாக்னர் என்னும் பொறியியலாளர் தம் மனைவி குளிசை எடுத்தாரா என்ற கேள்வி வீட்டிலே அடிக்கடி எழுவதைக் கண்டு, நாள்களைக் காட்டும் வட்டப் பெட்டியொன்றைத் தாமே செய்தார். 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1964இல் அதனைப் பெற்றார். இன்று நாம் காணும் 28 குளிசை அட்டை அவ்வெண்ணத்தின் வழிவந்ததே. அம்புக்குறி, வரிசை, வெறுமையாகிவிட்ட குழி: இவை எழுத்தறியாதவளும் வாசிக்கத்தக்க மொழி. மனிதர் மறப்பர் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டது அட்டை. தாளோ மறவாத பெண்ணை மனத்திற்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. இதுவே அதன் அடிப்படைக் குறைபாடு.

இக்குறைபாடு மொழியிலே நான்கு வகையாக வெளிப்படுகின்றது. முதலாவது, வினைமுதல் இன்மை. ‘உட்கொள்ளப்படல் வேண்டும்’, ‘தவிர்க்கப்படல் வேண்டும்’ என்னும் செயப்பாட்டு வாக்கியங்களிலே யார் உட்கொள்வது, யார் தவிர்ப்பது என்பது மறைந்துவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தின் எலும்பிலே தமிழ்ச்சொல்லின் தோலைப் போர்த்த நடை இது. தமிழிலே ஒருவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பவர் ‘நீங்கள்’ என்று அழைத்தே சொல்வர்.

இரண்டாவது, சொல்லின் மயக்கம். ‘முதலாம் நாள்’ என்பதை மேலே கண்டோம். எழுதியவருக்கு ஒரு பொருளும் வாசிப்பவளுக்கு வேறு பொருளும் தரும் சொல், அகராதியிலே எவ்வளவு சரியாயிருப்பினும், அவ்விடத்துக்குப் பிழையான சொல்லே.

மூன்றாவது, கூச்சம். மாதவிடாய் என்றும் உடலுறவு என்றும் நேரே சொல்லவேண்டிய இடங்களிலே ‘அக்காலம்’, ‘தொடர்பு’ என்று தாள் ஒதுங்கிச் செல்கிறது. வீட்டிலே ‘சுகமில்லை’ என்றும் ‘தூரம்’ என்றும் மறைத்துப் பேசும் சமுதாயத்தின் கூச்சம், மருந்தின் விளக்கத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. அறுபதுகளிலே நமது எழுத்தாளர் பேச்சுவழக்கைக் கதையிற் கையாண்டபோது அதனை இழிசனர் வழக்கென்று பழித்தோர் இருந்தனர். அப்பழிப்பை நமது இலக்கியம் வென்றது. ஆனால் அலுவலகத் தமிழ் இன்னும் வெல்லவில்லை.

நான்காவது, வரிசை. மருந்தின் சேர்க்கை முதலிலும், உற்பத்தி பற்றிய செய்தி அடுத்தும் வருகின்றன. மறந்துவிட்டால் யாது செய்வது என்பது கடைசி மடிப்பிலே, மிகச் சிறிய எழுத்திலே கிடக்கிறது. அவசரத்திலே தாளைத் திறப்பவள் தேடுவது அதனையே அன்றோ?

இவை தமிழின் இயலாமையால் நேர்ந்தவை எனல் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலையும் தமிழாக்கினார். 19ஆம் நூற்றாண்டிலே இயன்றது இன்று இயலாதென்பது வெறும் சாட்டு.

அவ்வாறாயின் அத்தாள் எவ்வாறு அமையலாம்? குறை கூறுவதோடு விமரிசனம் நின்றுவிடலாகாது. இரு ஹோர்மோன்கள் சேர்ந்த, பரவலாக வழங்கும் 28 குளிசை அட்டைக்கு நான் எழுதிப் பார்த்ததை ஈண்டு தருகிறேன்:

“முதலில் மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள். உயர் இரத்த அழுத்தம், முன்னர் ஏற்பட்ட இரத்தக்கட்டி, கண்ணிலே ஒளி மின்னி வரும் கபாலக்குத்து, மார்பகப் புற்றுநோய், காசநோய்க்கான மருந்து, 35 வயதுக்குமேற் புகைப்பழக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மறையாது சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களாயின் இது உங்களுக்குரிய குளிசை அன்று; வேறு வகை உண்டு.

“மாதவிடாய் தொடங்கி 5 நாட்களுக்குள் முதற் குளிசையை எடுத்தால் அன்றே பாதுகாப்புத் தொடங்கும். கர்ப்பம் இல்லையென்பது உறுதியாயின் வேறெந்த நாளிலும் தொடங்கலாம். ஆனால் முதல் 7 நாளும் உடலுறவைத் தவிருங்கள், அல்லது ஆணுறை பாவியுங்கள். நாளுக்கு ஒன்று, ஒரே நேரத்தில் எடுங்கள். இராச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மறப்பது குறையும். அட்டையின் கடைசி 7 குளிசைகள் வேறு நிறத்தவை. அவற்றில் கருத்தடை மருந்து இல்லை, பெரும்பாலும் இரும்புச்சத்தே உண்டு. அந்நாட்களில் மாதவிடாய் வரும். 28 முடிந்த மறுநாளே, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும், புதிய அட்டையைத் தொடங்குங்கள்.

“ஒரு குளிசையை மறந்தால், நினைவு வந்தவுடன் எடுங்கள்; அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் பயமில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் உடனே எடுத்து, முன்னர் தவறியவற்றை விட்டுவிடுங்கள். நாளுக்கொன்றாகத் தொடருங்கள். அடுத்த 7 நாளும் உடலுறவைத் தவிருங்கள், அல்லது ஆணுறை பாவியுங்கள். மறந்தது முதல் வாரத்திலாயின், அந்நாட்களில் உடலுறவும் நிகழ்ந்திருந்தால், தாமதியாது மருத்துவமாதிடம் சென்று அவசரக் கருத்தடைக் குளிசை பற்றிக் கேளுங்கள். மறந்தது மூன்றாம் வாரத்திலாயின், நிறம் வேறான குளிசைகளை விட்டு, நேரே புதிய அட்டைக்குச் செல்லுங்கள். நிறம் வேறானவற்றை மறந்தாற் கவலையில்லை. அவற்றை எறிந்துவிட்டு, புதிய அட்டையை மட்டும் நாள் தவறாது தொடங்குங்கள்.

“முதற் சில மாதங்களில் குமட்டலும் இடையிடையே சிறு இரத்தக்கசிவும் வரலாம், பெரும்பாலும் தாமே அடங்கும். கடுமையான நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வயிற்றுவலி, தலையிடி, பார்வை மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாற் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.”

இதிலே அலங்காரம் ஏதுமில்லை. புதிய அட்டையின் தொடக்கம் ஏன் இத்துணை வற்புறுத்தப்படுகிறதென்பதையும் ஒரு வரியிற் சேர்க்கலாம்: மருந்தில்லாத ஏழு நாளிலே சூலகம் விழிக்கத் தொடங்குகிறது, அவ்விடைவெளி எட்டாகவும் ஒன்பதாகவும் நீண்டால் முட்டை வெளியேறிவிடக்கூடும். என் மாணவிக்கு நேர்ந்தது இதுவே. காரணம் அறிந்தவள் விதியை மறக்கமாட்டாள். காரணத்தை மறைத்து விதியை மட்டும் கூறும் உரைநடை, வாசகரைச் சிறுபிள்ளையாகக் கருதும் உரைநடையாகும்.

முற்போக்காளர் சிலருக்கு இவ்விடத்தே ஓர் ஐயம் எழலாம். வறுமைக்குக் காரணம் பிள்ளைகளே என்னும் மல்தூசின் வாதத்துக்கு நாமும் துணைபோவதா? போகலாகாது. வறுமைக்குக் காரணம் உடைமையும் கூலியும் பங்கிடப்பட்டுள்ள முறையே. ஆனால் எத்தனை பிள்ளை, எப்பொழுது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை வேறு. மக்கள்தொகையைக் குறைக்கும் மேலிடத்துக் கணக்கு வேறு. 2013இலே கிளிநொச்சி மாவட்டத்தின் சில கிராமங்களிற் பெண்களுக்குப் போதிய விளக்கமின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக முறைப்பாடு எழுந்ததை நாம் மறக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது விளக்கம் என்ற ஒன்றே. புரியும் மொழியிலே விளக்கப்படாத இடத்தில் சம்மதம் என்பதற்கே பொருளில்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருச்சிதைவை அனுமதியாத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வாழும் நமது பெண்களுக்கு, ஒரு வாக்கியத்தின் மயக்கம் எத்துணை விலையுடையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது நாட்டிலே பலகாலம் வழங்கிவரும் குளிசையொன்றின் பெயர் மிதுரி. சிங்களத்திலே தோழி என்பது அதன் பொருள். தமிழ் கற்றோருக்குத் தோழி புதியவளல்லள். அகப்பாடல்களிலே தலைவியின் மனமறிந்து, அவள் வாய்திறந்து சொல்லவியலாததை உரிய வேளையிலே உரியவரிடம் எடுத்துரைப்பவள் அவள். மறைத்தால் தலைவியின் வாழ்வு கெடும் என்ற நிலையிலே உண்மையை வெளியிடும் அச்செயலை ‘அறத்தொடு நிற்றல்’ என்று நம் இலக்கணம் போற்றியது. அப்பண்பே குளிசைத் தாளின் உரைநடைக்கும் வேண்டுவது. அதனை எழுதுவோர் மருத்துவம் அறிந்தோராய் இருந்தால் மட்டும் போதாது; எழுதியதை அச்சேற்றுமுன் ஒரு தொழிற்சாலைப் பெண்ணிடமும் ஒரு தோட்டத் தொழிலாளியிடமும் வாசிக்கக் கொடுத்து, அவர்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். தமிழாசிரியராகிய நாமும், வகுப்பறையிலே செய்யுளுக்குப் பொருள் கூறச் செய்வதோடு நில்லாது, இத்தகைய ஒரு தாளையும் மாணவர் கையிலே கொடுத்துப் பொருள் கேட்கவேண்டும்.

என் மாணவிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அண்மையிலே சந்தித்தபோது, நான் எழுதிக் கொடுத்த மேற்படி வரிகளைத் தன்னோடு வேலைசெய்த பெண்கள் கொப்பியிலே பார்த்தெழுதிக்கொண்டதாகக் கூறினாள்.