மீட்டும் கையின் அடக்கம்

மேண்டலின் கச்சேரியில் நம் கண் இடக்கை விரல்களின் பின்னாலேயே ஓடும். கமகம் அங்கே பிறக்கிறது, வேகமும் அங்கேதான் தெரிகிறது. ஆனால் நாதத்தின் குணத்தைத் தீர்மானிப்பது வலக்கை. தந்தியை மீட்டும் அந்தச் சின்ன பிக்கை எப்படிப் பிடிக்கிறோம், எப்போது தந்தியில் வைக்கிறோம் என்பதில்தான் பாதி சங்கீதம் இருக்கிறது.

இதை எனக்கு உணர்த்தியது கர்நாடக இசை மேண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸின் வாசிப்பு. 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 12 வயதிலேயே சென்னை மார்கழி மேடையில் அமர்ந்தவர். இத்தாலிய மேண்டலினுக்கு எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடித் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் செய்வது கடினம். ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். அதனால் மேல்நாட்டுக் கலைஞர்கள் பிக்கை மேலும் கீழும் விடாமல் அசைத்து ஒரு சுரத்தை நீட்டுகிறார்கள். ஸ்ரீநிவாஸ் மின்சார மேண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டிக்கொண்டார். ஒலிபெருக்கி நாதத்தைத் தாங்கிப் பிடிக்க, ஒரே மீட்டில் பல சுரங்கள் வழுக்கிச் செல்ல இடம் கிடைத்தது.

அவருடைய ஆலாபனையைக் கூர்ந்து கேளுங்கள். மீட்டு விழும் இடங்களைவிட விழாத இடங்களே அழகு. துரித கால கல்பனாஸ்வரத்தில் ஒவ்வொரு சுரமும் மணிமணியாக உதிரும்போதும் பிக் தந்தியில் உரசும் சத்தம் முன்னே வராது. கை இறுகியிருந்தால் இது நடக்காது.

பிடி எப்படி இருக்க வேண்டும்? ஆள்காட்டி விரலைச் சற்று மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைப் படிய விட வேண்டும். முனை கொஞ்சமே வெளியே தெரிந்தால் போதும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். கோலப்பொடி எடுத்த விரல்களைப் போல, நழுவவும் கூடாது, இறுகவும் கூடாது.

மெல்லிய பிக் வளைந்து கொடுத்து டக்டக்கென்று ஒலிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் முனை மழுங்கியது நாதத்தை உருண்டையாக்கும். அமெரிக்க மேண்டலின் மேதை டேவிட் கிரிஸ்மன் விரும்பியதும் அப்படிப்பட்ட கனமான, வட்ட முனை பிக்தான். ஒருகாலத்தில் அழுங்காமை ஓட்டில் செய்த பிக்கே உயர்ந்தது என்றார்கள். அந்த ஆமை இன்றும் நம் மலேசியாவின் மலாக்காக் கரைகளில் ஏறி முட்டையிடுகிறது. அதன் ஓட்டு வணிகத்தை உலக நாடுகள் தடுத்தது நல்ல காரியம். நைலானும் செல்லுலாய்டும் நமக்குத் தாராளமாகப் போதும்.

நம் நாட்டின் கெப்பாலா பத்தாஸ் போன்ற வயல்சூழ்ந்த ஊரில் புழுக்கம் ஓயாது. வியர்த்த விரலில் வழவழப்பான பிக் சுழன்றுவிடும்; பயந்து அழுத்தினால் முன்கை இறுகி நாதம் வறண்டுபோகும். கட்டைவிரல் படியும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொண்டால் அழுத்தாமலே பிடி நிற்கும்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கீர்த்தனையை வாய்விட்டுப் பாடுங்கள். வீணை வித்வான்கள் செய்வதுபோல, சாகித்திய எழுத்து விழும் இடத்தில் மட்டும் மீட்டுங்கள். மற்றதை இடக்கைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால், எந்தக் கனத்து பிக் உங்களுக்கு ஏற்றது என்பதை உங்கள் பாட்டே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்.