எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால்

போன பள்ளி விடுமுறையில் பல்கலைக்கழக நண்பன் ஒருவனிடமிருந்து வாட்சாப்பில் செய்தி வந்தது. "மச்சான், நாலு பேரு கேமரன் வர்றோம். எங்க சாப்புடுறது? நல்ல பப் இருந்தா அதயும் போடு."

நான் கம்போங் ராஜாவில் பிறந்து வளர்ந்தவன். ஐந்து நிமிடத்தில் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்மோக்ஹவுஸில் ஸ்கோன், பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட், கீயா ஃபார்மில் ஸ்ட்ராபெரி, சுங்கை பாலாஸில் தோட்டத்தைப் பார்த்தபடி போ தேநீர். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. பட்டியலில் என் ஊர் இல்லை. சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறி வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தின் முதல் பட்டணமே கம்போங் ராஜாதான். அங்கே நிறுத்தாமல் போகச் சொல்லி நானே வழிகாட்டியிருக்கிறேன்.

ஆகவே இது முதலில் என் பட்டியலைப் பற்றிய விமர்சனம். பிறகு, அதே பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதும் எல்லோரையும் பற்றியது.

'எங்கே சாப்பிடலாம்' வகை எழுத்தின் பிரபலமான முன்னோடி 1900ல் பிரான்சில் வந்த மிஷெலின் கையேடு. போட்டது ஒரு டயர் கம்பெனி. மக்கள் அதிகம் கார் ஓட்டினால்தானே டயர் தேயும்! 1926ல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். 2022 டிசம்பரில் அந்தக் கையேடு கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த அளவுகோல் காரில் வருகிறவனுக்காகச் செய்தது. தினமும் நடந்துபோய்ச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு கடை என்னவாக இருக்கிறது என்பதை அதால் அளக்க முடியாது.

கேமரன் மலைப் பட்டியல்களும் அப்படித்தான். ஸ்மோக்ஹவுஸ் 1937ல் கட்டியது. இங்கிலாந்துக் கிராமத்து வீடு மாதிரி கறுப்பு வெள்ளைச் சுவர், உள்ளே கணப்பு. அதற்கு எட்டு வருடம் முன்னால், 1929ல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலையைத் தொடங்கினார். ஆக அந்த வீடும் தோட்டமும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஒன்றில் துரைமார் ஸ்கோன் சாப்பிட்டார்கள். மற்றதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் வேலை செய்தார்கள். ஒன்றின் சாப்பாட்டுக்கு 'பாரம்பரியம்' என்று பெயர் வந்துவிட்டது. இன்னொன்றின் சாப்பாடு எந்தப் பட்டியலிலும் இல்லை.

என் பாட்டி கொழுந்து எடுத்தவர். விடியுமுன் சோற்றையும் கருவாட்டுச் சம்பலையும் டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு மலைச்சரிவுக்குப் போவார். 'தோட்டக் காட்சியோடு தேநீர்' என்று நான் நண்பனுக்கு எழுதினேனே, அந்தக் காட்சிக்குள் ஒரு புள்ளியாகப் பல வருடம் நின்றவர் அவர்.

இந்த வகை எழுத்தில் எனக்குப் பிடிக்காத சொற்றொடர் ஒன்று உண்டு: 'யாருக்கும் தெரியாத கடை.' காலையில் முப்பது பேர் வரிசையில் நிற்கும் ஒட்டுக்கடையை எப்படி அப்படிச் சொல்வது? அந்த முப்பது பேரும் 'யாரும்' இல்லையா?

வேறு மாதிரி எழுதியவர்களும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ்காரர் ஜொனதன் கோல்ட் இளவயதில் பீக்கோ பூலவார்டு என்ற ஒரே சாலையிலிருந்த எல்லாக் கடைகளிலும் சாப்பிட்டுப் பார்க்க இறங்கினார். பெரும்பாலும் குடியேறி வந்தவர்களின் சின்னச் சின்னக் கடைகள். 2007ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. உணவு விமர்சகர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. அவரிடம் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். சுவை பற்றிப் பேசுமுன், யார் யாருக்காகச் சமைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பட்டியலில் ஏறிய கடைக்குக் கூட்டம் வரும், விலை ஏறும், வழக்கமாக வருகிறவனுக்கு நாற்காலி கிடைக்காது. அப்படியானால் சொல்லாமலே இருந்துவிடலாமா? அதுவும் சரியாகப் படவில்லை. சொல்லாமல் இருந்துதானே என் ஊரையே அழித்தேன்.

அடுத்தது பப். இதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. தோட்டத்துத் தமிழனுக்குத் தெரிந்த பழைய 'பப்' கள்ளுக்கடை. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், சம்பளத்தோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் தொழிலாளர்கள் கேட்டார்கள். தாங்கள் குடிக்கும் இடத்தை மூடு என்று குடிக்கிறவர்களே கேட்ட ஊர் நம்முடையது. என் பெரியப்பா சம்சு குடித்தே போய்ச் சேர்ந்தார். கணப்பின் ஓரத்தில் உட்கார்ந்து குடித்தால் ரசனை, லயத்து வாசலில் குடித்தால் சீரழிவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காகப் பெரியப்பா குடித்த மாதிரி இடங்களை 'உள்ளூர் அனுபவம்' என்று நண்பனுக்கு எழுதவும் கை வராது. அங்கே இருப்பது வலி. போய் வேடிக்கை பார்க்க அதில் ஒன்றுமில்லை.

கடைசியில் பட்டியலைத் திருத்தி அனுப்பினேன். இவ்வளவுதான்:

"தானா ராத்தா மெயின் ரோட்டுல குமார் கடை இருக்கு, வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போ. ஸ்ரீ பிரிஞ்சாங்னு இன்னொரு கடை, பேருதான் பிரிஞ்சாங், இருக்கிறது தானா ராத்தாவுல. அங்க தோசை சாப்புடு. ஸ்கோன் வேணும்னா சாப்புடு, நல்லாத்தான் இருக்கும். குடிக்கிறதுன்னா தங்குற ஹோட்டல்லயே குடிச்சிட்டுப் படு. ராத்திரி பனி இறங்குனா இந்த வளைவுல ரோடே தெரியாது, வண்டி எடுக்காத.

மறுநாள் காலையில கம்போங் ராஜா வா. கடை பேரு கேக்காத, போர்டு கிடையாது, நானே கூட்டிட்டுப் போறேன். ரொட்டி சானாய், நாசி லெமாக், தே ஓ. பக்கத்துல உக்காந்து சாப்புடுறவரு பங்களாதேஷ்காரரா இருப்பாரு, நேப்பாளியா இருப்பாரு. எங்க பாட்டி காலத்துல நாம இருந்த இடத்துல இப்ப அவங்க இருக்காங்க. போட்டோ எடுக்கணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டு எடு.

ஒண்ணு மட்டும். ஆறு மணிக்கே வந்துடு, சாப்புட்டு உடனே எழுந்திடணும். ஆறரைக்கு வேலைக்குப் போறவங்க வருவாங்க. மேசை அவங்களோடது."