வயலறிந்த கோடு: வார்லி ஓவியத்தை மதிப்பிடுதல்

மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தஹாணு, ஜவ்ஹார் வட்டாரங்களில் வாழும் வார்லிப் பழங்குடியினரின் ஓவியங்களை எடைபோடுவோர், பழமையையும் நேர்த்தியையும் பார்த்துவிட்டு நிறைவடைகிறார்கள். வயல் வேலையைத் தீட்டிய ஓவியத்துக்கு இவ்விரண்டும் போதா. முனையோடு முனை தொடும் இரண்டு முக்கோணங்களில் மனித உடலை அடக்கிய மரபு இது. முகபாவமும் நிழலும் இல்லாத இடத்தில், உழைப்பைச் சொல்லும் பொறுப்பு உடலின் சாய்வுக்கு வந்துவிடுகிறது. நாற்று நடுபவரின் வளைவும் நெல் தூற்றுபவரின் ஓங்கிய கையும் வேலையின் பளுவை உணர்த்துகின்றனவா என்பதே முதல் அளவுகோல். எல்லா உருவங்களும் ஒன்றுபோலத்தானே என்பவர்களுக்கு விடையும் இதுவே: வடிவம் பொதுவாக இருப்பதால்தான் இம்மியளவு சாய்வும் கண்ணில் படுகிறது.

இம்மரபின் மூத்த கிளை கல்யாண வீட்டுச் சுவரில் உள்ளது. செம்மண் பூசிய சுவரில், அரிசி மாவுக் கரைசலைக் கொண்டு, நுனி மென்ற மூங்கில் குச்சியால் சுமங்கலிப் பெண்கள் சௌக் என்னும் சதுரச் சடங்கோவியத்தை எழுதுவார்கள். அதன் நடுவில் பாலகாட் தேவி வீற்றிருப்பாள். 1970களில் கலைஞர் பாஸ்கர் குல்கர்ணி போன்றோர் வார்லிகளிடம் தாளைக் கொண்டுசேர்த்தபின் இரண்டாம் கிளையான தாளோவியம் வளர்ந்தது. 2011இல் பத்மஸ்ரீ பெற்ற ஜிவ்யா சோமா மாஷே (1934–2018) அதன் முன்னோடி. நுண்ணிய புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் அவர் வெற்றுப் பரப்பையே அசைய வைத்தார். சேலையிலும் கோப்பையிலும் தார்ப்பா என்னும் ஊதுகருவியைச் சுற்றி ஆடும் நடன வட்டத்தைத் திரும்பத் திரும்பப் பதிக்கும் சந்தைக் கிளை மூன்றாவது.

சடங்கையும் பெண்களின் கையையும் விட்டு வந்த தாளோவியம் மரபாகுமா என்ற கேள்வி நியாயமானது. தாளோவியத்தால் சடங்குச் சுவருக்கு ஈடாக முடியாது. ஆனால் வயல் அந்தச் சடங்குக்கு வெளியே இருந்ததில்லை. வார்லிகளுக்குத் தானியமே கன்சரி என்னும் தெய்வம். சுவரில் எழுதும் வெண்மையும் அரிசிதான். ஆகவே சுவரிலிருந்து தாளுக்கு வயலறிவும் கூடவே வந்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மழைக்கு முன் தழையும் சாணமும் பரப்பி எரித்து நாற்றங்காலைப் பதப்படுத்துவது அப்பகுதி வழக்கம். ஒரே ஓவியத்தில் பல பருவங்கள் கூடுவதை மரபு அனுமதிக்கிறது. ஆனால் இத்தகைய ஒவ்வொரு வேலையும் தன் முறைப்படி அமையாவிட்டால் ஓவியம் வெறும் அலங்காரமாகிவிடும்.

சந்தை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை இகழ எவருக்கும் உரிமையில்லை. வாங்குபவர் அழகான வட்டத்துக்கு மட்டும் விலை கொடுத்தால், ஓவியர் வட்டத்தையே வரைவார். வளைந்த முதுகின் உண்மைக்கும் விலை கொடுத்தால், அதைத் தீட்டத் தெரிந்த கைகள் தொழிலில் நிலைக்கும்.