ஈமத்தாழியும் உலைக்களமும்: ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையின் காலக்கணிப்பு குறித்து

பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதி, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வாயிலாக 23.01.2025 அன்று வெளிவந்த ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு செல்கிறது. அறிக்கையைக் கொண்டாடியோரும் மறுத்தோரும் ஒரே எண்ணையே பற்றிக்கொண்டனர்: சிவகளையின் கி.மு. 3345. அவ்வெண் எதன் காலத்தைச் சுட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

அது கரித்துண்டு ஒன்றின் காலம். கரிமப் பகுப்பாய்வு மரத்தின் குறிப்பிட்ட வளையம் உருவான காலத்தையே தரும். அம்மரம் எரிக்கப்பட்ட நாளையோ, தாழி புதைக்கப்பட்ட நாளையோ தராது. முதிர்ந்த மரத்தின் உட்பகுதியாயின் சில நூற்றாண்டுகள் கூடுதலாகத் தோன்றும். அதே ஈமக்காட்டுப் பானையோடுகளுக்கு ஒளியுமிழ்வு முறையில் கிடைத்த காலங்கள் கி.மு. 2459, 2427. இம்முறை பானை கடைசியாகச் சூடேறிய காலத்தை அளப்பது. இரண்டிற்குமிடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் உள்ளன. ஈமக்காடு நெடுங்காலம் பயன்பட்டிருக்கலாம். பழைய கரி பின்னாளைய குழியில் கலந்திருக்கலாம். இவற்றுள் எது என்று முடிவு செய்யாமல் மிகப் பழைய எண்ணைத் தலைப்பாக்குவது முறையன்று.

என் மதிப்பீட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையே வலுவான சான்று. அங்கு வாழ்விடப் பகுதியில் 104 செ.மீ. ஆழத்தில் கி.மு. 1615, 130 செ.மீ. ஆழத்தில் கி.மு. 2172 எனக் காலங்கள் மண்ணடுக்கின் வரிசையிலேயே அமைகின்றன. இதழ்களின் முதற்பக்கத்தைச் சிவகளை பிடித்துக்கொண்டதால் இவ்வொழுங்கு போதிய கவனம் பெறவில்லை.

மேலும், இரும்பைப் பயன்படுத்துவது வேறு, தாதுவை உருக்குவது வேறு. எகிப்தின் கெர்சே மணிகள் ஏறத்தாழ கி.மு. 3200ஐச் சேர்ந்த இரும்பு. ஆனால் அது விண்கல் இரும்பு, நிக்கல் மிகுந்தது. உருக்குத்தொழிலுக்குக் கசடும் உலையுமே சான்று. உத்தரப் பிரதேசத்து மல்கர் குறித்து ராகேஷ் திவாரி 2003இல் எழுதியபோது அவ்விரண்டையும் முன்வைத்தார். அயர்லாந்தில் நெடுஞ்சாலைப் பணிகளுக்கு முன் நிகழ்ந்த அகழாய்வுகளில் உருக்குக் குழிகளும் கரி சுட்ட குழிகளும் வெளிப்பட்டன. காலக்கணிப்புக்கான கரி அக்குழிகளுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டது. நம்மிடமும் கொடுமணலில் உலைகள் உண்டு. எனினும் அவை சிவகளைக்கு மிகப் பிற்பட்டவை.

முசரவாக்கம் உள்ளிட்ட எங்கள் பாலாற்று வட்டாரத்துக்குத் தெற்கே, மதுராந்தகத்தை அடுத்த சானூர்ப் பெருங்கற்சின்னங்கள் 1950, 1952 ஆண்டுகளில் அகழப்பட்டு இரும்புக் கருவிகள் கிடைத்தன. அப்போது இந்தியாவில் கரிமக் காலக்கணிப்பு ஆய்வகம் இல்லை. கரியிட்டு உருக்கிய இரும்பில் அக்கரியின் கரிமமே கலந்து நிற்பதால், கருவியையே நேரடியாகக் காலங்கணிக்க இன்று இயலும். துருப்பிடிக்காத உட்பகுதி எஞ்சியுள்ள கருவிகளைச் சிவகளையிலும் சானூரிலும் தெரிந்தெடுத்து, நிக்கல் அளவையும் கரிமக் காலத்தையும் ஒருசேர ஆராய்வதே அடுத்து வேண்டுவது.