வேலனும் தோழியும்: அகத்திணையிற் காணும் உளநோயும் உசாத்துணையும்

தம் துன்பத்தைப் பிறர்க்குரைத்தல் பெருமைக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை நாடும் குடும்பம், பிள்ளை மாதக்கணக்காக உணவும் உறக்கமும் இழந்து நிற்பினும் அதனை அயலறியாது மறைக்கவே முயல்கின்றது. அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் இந்நாட்டில் ஏளனச் சொல்லாகி நெடுங்காலமாயிற்று. உளவளத்துணை, சீர்மியம் என நல்ல தமிழ்ச் சொற்கள் வழக்கிற்கு வந்த பின்னரும், அவற்றை நாடுவோர் பலர் ஊர்வாய்க்கு அஞ்சியே செல்கின்றனர். மனந்திறந்து பேசுதல் மேனாட்டார் வழக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை நம் பழைய நூல்களைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நந்நான்கு. அழுகை பிறக்கும் களன்களாக அவர் கொண்டவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பெருமிதத்தை எண்ணிய நிரலிலேயே அழுகையையும் வைத்து எண்ணிய ஆசிரியர், அதனைப் பெண்டிர்க்கே உரியதென ஒதுக்கினாரல்லர். உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் புலப்படும் என்பதே அச்சொல்லின் கருத்து. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் உளவடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டவர். உளத்துயர் உடல்நோவாக முறையிடப்படுதலை அவரும் எடுத்துக்காட்டியுள்ளார். மெய்ப்பாட்டியலைக் கற்றார்க்கு இது புதுமையன்று.

இனி வெறியாட்டுத் துறையை நோக்குவாம். களவொழுக்கத்திற் பிரிவாற்றாத தலைவியின் மேனியிற் பசலை படர்கின்றது, வளை கழல்கின்றது. அன்னை கலங்கி வேலனை அழைப்பிக்கின்றாள். அவன் கழங்கிட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது என்கின்றான், மறியறுத்து வெறியாடுகின்றான். அன்னையின் அன்பிற் குறையில்லை. ஆயினும் நோயுற்றவளை நோக்கி, ‘மகளே, உனக்கு என்ன?’ என்று வினவுவார் அவ்வாடுகளத்தில் ஒருவருமிலர். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்தி, இந்நோய் நின்னால் வந்ததன்று என்பதை அறிந்துவைத்தும் வேலன் வேண்ட இங்கு வந்தனையே, கடவுளேயாயினும் நீ அறியாமையுடையை என்கின்றாள். இதனைத் தெய்வ நிந்தனை என்று கொள்ளலாகாது. வழிபாடு நெஞ்சிற்கு ஆறுதல் அளிப்பதே. வினவாமலே விடை கூறியமைதான் வேலன்பாற் குற்றம்.

தோழியின் நெறி வேறு. அவள் உடனிருந்து கேட்கின்றாள், மறைபொருளைக் காக்கின்றாள், காலமறிந்து அறத்தொடு நின்று செவிலிக்கு உண்மையை உணர்த்துகின்றாள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழறிவித்தற்குக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் இத்தகைய ஒரு தோழியின் கூற்றே. தமிழ் இன்னதென அயலானுக்குக் காட்டக் கருதிய புலவர், ஒருத்தியின் மறைந்த துயரை மற்றொருத்தி எடுத்துரைக்கும் காட்சியைத் தெரிந்தெடுத்தமை சிந்தித்தற்குரியது. இவளது தன்மையைத் தொல்காப்பியர் உசாத்துணை என்னும் சொல்லாற் குறித்தனர். இன்று நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் மட்டுமே மாணவர் காணும் அச்சொல், உசாவுதற்குரிய துணை எனப் பொருள்படுவது.

தோழி செவிலியின் மகள், உடன் வளர்ந்தவள், உளவளத்துணையாளரோ அயலார், இருவரையும் ஒப்பிடல் தகுமோ எனின், வேற்றுமை உண்மையே. தோழியிடம் உரிமை மிகுதி. துணையாளரிடம் பயிற்சி மிகுதி. எனினும் கேட்டல், மறைகாத்தல், உரியவரிடம் உரிய பொழுதில் உரைத்தல் ஆகிய மூன்றும் இருவர்க்கும் பொதுவாதலின், மரபுக்கு மாறென்னும் கூற்று நிலைபெறாது.

திருக்குறளின் இடுக்கணழியாமை அதிகாரத்தைக் காட்டி, துன்பத்தைக் கண்டு நகுக என்றே வள்ளுவர் விதித்தார் என்று சிலர் வாதிப்பர். அவ்வதிகாரம் எங்கு நிற்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். அது பொருட்பாலில், அரசியலின் இறுதியில், ஆள்வினையுடைமையை அடுத்து 63ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. வினைமேற் சென்றவன் இடையூறு கண்டு தளராமைக்குக் கூறிய உறுதிமொழி அது. நோயுற்றார்க்கு அவர் வகுத்தது 95ஆம் அதிகாரமாகிய மருந்து. ஆங்கு நோயையும் அதன் முதலையும் நாடுக என்றார். உற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து மருத்துவம் நாற்கூற்றது என்றார்.

இவ்விடமாறாட்டத்தை யான் செய்தமையாலேயே இதனை வற்புறுத்துகின்றேன். பல்லாண்டுகளுக்கு முன், தந்தையை இழந்த மாணவனொருவன் அந்தியேட்டி முடிந்து வகுப்பிற்கு வந்து, யாரோடும் பேசாதிருந்தான். அவனை அழைத்து, “ஆண்பிள்ளை கலங்கலாமோ தம்பி?” என்று கூறி, அவ்வதிகாரத்துக் குறளொன்றையும் பொருளோடு விளக்கினேன். அவன், “ஓம் சேர்” என்று தலையசைத்துச் சென்றான். அத்தவணை முடியுமுன் அவன் கல்வியைக் கைவிட்டான். குறளில் வழுவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் யான் விளக்கவுரை கூறினேன். அன்று அவனுக்கு எதிரே இருந்தவன் ஆசிரியனல்லன், வேலனே.

1983 முதல் 2009 வரை நீண்ட போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் நம் இல்லங்களில் விட்டுச்சென்ற இழவுகள் பல. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லி அழுதற்குப் பெண்டிர்க்கேனும் ஒரு வாயில் இருந்தது. ஆடவர்க்கு அதுவும் இல்லை. உடல் கிடையாதவிடத்துச் செத்தவீடும் இல்லை. குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் தலைவி, தன் நோயறியாது உறங்கும் ஊரை எழுப்பக் கூவுவேனோ எனத் தவிக்கின்றாள். அத்தகைய குரல் நம் வகுப்பறைகளிலும் அடங்கிக் கிடத்தல் கூடும்.

ஆசிரியராவோர் அனைவரும் உளமருத்துவராதல் இயலாது, வேண்டுவதுமன்று. மாணவன் வாடி நிற்கக் கண்டால் அறிவுரைக்கு முன் வினவுக. வினவியபின் பொறுத்துக் கேட்க. நம் அளவிற்கு மேற்பட்டதாயின் பயின்றவரிடம் நாமே உடனழைத்துச் செல்க. பழைய மாணவர்களாகிய பெற்றோரும் அதனை இழுக்கெனக் கருதாதிருப்பாராக. அகத்திணை கற்பிக்கும் கல்லூரியில் உசாத்துணையின்றி ஒரு பிள்ளை வாடுதல் நாம் கற்ற தமிழுக்கே வசையாகும் என்க.