புரத வரைபடமும் பிழைவீதக் கணக்கும்

பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மனிதப் புரதத்தொகுதி வரைவு, 30 மாதிரிகளின் நிறை நிறமாலைத் தரவுகளிலிருந்து 17,294 மரபணுக்களின் புரதங்களை இனங்கண்டது. அதன் விரிவு போற்றத்தக்கது. ஆயினும், மூக்குத் திசு ஆராயப்படாத நிலையில் நூற்றுக்கு மேற்பட்ட மணமுணர் ஏற்பிகள் பட்டியலில் இடம்பெற்றிருந்ததை எஸ்குர்டியா குழுவினர் அவ்வாண்டே சுட்டினர்.

சோதனைதோறும் வரையறுக்கப்படும் பிழைவீதம், இணைத்த தரவுக்குப் பொருந்தாது. மெய்ப்புரதங்கள் சோதனைதோறும் மீண்டும் தோன்றும். பொய்யானவை பெரும்பாலும் புதியனவாகச் சேரும். ஒவ்வொரு சோதனையும் 1 விழுக்காட்டுப் பிழையுடன் 1,000 புரதங்களைத் தருவதாகக் கொள்க. மெய்யான 990 மாறாதிருக்க, 30 சோதனைகளில் பொய்யானவை 300 ஆகலாம். அப்போது பிழை ஏறத்தாழ 23 விழுக்காடு. எனவே, இணைத்த தரவின்மீது புரத நிலையில் பிழைவீதத்தை மீளக் கணக்கிடாத ஒப்பீட்டாய்வின் முடிவுகளை அவ்வாறே ஏற்றல் இயலாது.