வேலி மேயும் நெல்

மணலி உர ஆலையின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த வடசென்னைக்காரருக்கு நெல் என்றால் ரேஷன் அரிசிதான். ஆனாலும் 1971இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலைக்கும் நெல் இனக்கலப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம் பழைய ரகங்களுக்கு யூரியா போட்டால் கிடுகிடுவென வளர்ந்து, கதிர் முற்றும் முன்பே சாய்ந்துவிடும். உரத்தைத் தாங்கும் நெல்லைத் தேடித்தான் 1950களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இண்டிகா, ஜப்பானிகா இனங்களைக் கலக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. கோவையில் நெல் ஆய்வில் தேறிய கே. ராமையாதான் அந்த நிலையத்தின் முதல் இயக்குநர். ஜப்பானின் நோரின் 10, நம் ஜி.இ.பி. 24 இரண்டும் சேர்ந்து பிறந்த ஏடிடி 27, 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவையின் முகத்தையே மாற்றியது.

இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை கலப்புகளில் வயலுக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பெரும்பாலானவை பதராகப் போயின. பதர் ஒரு சிக்கல்; நான் பேச வந்தது வேறொன்று.

அடுத்த மாவட்டமான திருவள்ளூரின் திரூர்குப்பத்தில் உருவான டிகேஎம் 6 நெல் ரகத்தை எடுத்துக்கொள்வோம். தண்டுத் துளைப்பானையும் பாக்டீரியா இலைக்கருகலையும் எதிர்க்கும் திறனை அதிலிருந்துதான் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 20க்குக் கொண்டுபோனது. ஒரு ரகத்தின் காவல் மரபணுவை இன்னொன்றில் குடியேற்றலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சான்று எது? அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

காட்டு நெல்லையும் இண்டிகாவையும் கலந்த சீன ஆய்வாளர்கள் 2014இல் ஒரு விந்தையை விளக்கினார்கள். கலப்பு நாற்று முளைக்கிறது, ஆனால் அடிக்கணுவில் புது வேர் இறங்குவதில்லை. வேர் இல்லாததால் தண்டும் குன்றுகிறது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காட்டு நெல்லின் ஏற்பிப் புரத மரபணுக்கள் இரண்டும் இண்டிகாவின் ஒரு நொதி மரபணுவும் ஒரே செடியில் சேர்ந்ததும், வராத நோயை எதிர்த்துப் பயிரின் தற்காப்பு கிளம்பிவிடுகிறது. மனிதருக்கு வரும் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களின் சாயல் இது. பெற்றோர் இருவரும் நல்ல ஆரோக்கியம் என்பதுதான் வேடிக்கை.

ஜப்பானில் கோஷிஹிகாரி, ஹபதாகி ரகங்களைக் கலந்தபோது குறை வேறு விதமாக ஒளிந்திருந்தது. முதல் தலைமுறை நன்றாக இருந்தது. தற்காப்போடு தொடர்புள்ள இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் அடுத்த தலைமுறையில் ஒன்றுகூடிய செடிகள்தான் சோம்பின. கணக்குப்படி 16க்கு ஒன்று.

1994இல் வந்த கோஆர்ஹெச் 1 போன்ற வீரிய ஒட்டு நெல்லில் இந்த ஆபத்து குறைவு என்றே நினைக்கிறேன். விவசாயி வாங்குவது முதல் தலைமுறை விதையை மட்டும்தான். அதிலேயே குன்றும் கலப்பு கடைக்கே வராது. சிக்கல் எதிர்ப்புத் திறன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிலையான ரகம் உருவாக்குபவர்களுக்குத்தான். வீரியமான வரிசையை வைத்துக்கொள், மெலிந்ததைப் பிடுங்கி எறி என்பது அவர்களின் பழைய வழக்கம். வேகம், செலவு இரண்டையும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான செடிகளில் ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் பார்க்க முடியாது. ஆனால் எறியும் முன் எந்தப் பெற்றோரின் வாரிசு என்று குறித்து வைத்தால் போதும், எந்தக் காவல் மரபணு எதோடு ஒத்துப்போகாது என்ற பட்டியல் தானாகச் சேரும். அந்தக் குறிப்பு இல்லாததால் இன்னொரு நிலையம் அதே கலப்பை மறுபடி செய்து, அதே சோகை நாற்றை எறிய வேண்டியிருக்கும்.

வெப்பமும் ஒரு கணக்கு. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் இத்தகைய நலிவு பெரும்பாலும் குளிரில் தலைகாட்டி, சூட்டில் மறையும். மேலே சொன்ன காட்டு நெல் கலப்பிலோ நேர்மாறு. சூடு ஏறினால்தான் வெளிப்படுகிறது. திருவள்ளூர் வயல்களில் மார்கழி, தை மாதங்களில் தொடங்கும் நவரையும் உண்டு, சித்திரை வெயிலில் போடும் சொர்ணவாரியும் உண்டு. நவரையில் மட்டும் நட்டு நல்ல மதிப்பெண் பெற்ற கலப்பைச் சொர்ணவாரியிலும் ஒரு பாத்தி நட்டுப் பார்க்காமல் ரகமாக வெளியிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.